சாய்கிற எல்லை

தோ பாயோ, சிங்கப்பூர்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

  

உங்கள் கடிதம் வந்தது. உங்களுக்குப் பார்க்கின்சன் என்று அண்ணி போனில் சொல்வதற்கு முன்பே அதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் வரியில் கணக்கு வாத்தியாரின் பழைய கரும்பலகைக் கையெழுத்து. பக்கத்தின் அடிக்கு வரவர, கண்ணாடி போட்டும் படிக்க முடியாத அளவுக்குப் பொடிந்துபோயிருந்தது. உங்கள் மாப்பிள்ளைக்கும் கை நடுங்குவதற்கு வெகு முன்னால் கையெழுத்துதான் சிறுத்தது. நரம்பு டாக்டர் முதல் நாளே அவரை ஒரு பக்கம் எழுதச் சொல்லி வாங்கிப் பார்த்தார்.

போனிலேயே பேசலாம்தான். ஆனால் உங்கள் குரல் தணிந்துபோய்விட்டது. நான் "என்ன, என்ன" என்று திரும்பத் திரும்பக் கேட்க, நீங்கள் எரிச்சல்பட்டு அண்ணியிடம் கொடுத்துவிடுகிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை தாய்ச்சி என்று நான் வாயெடுத்ததுமே, "சீனாக்காரன் காத்துல கையை ஆட்டுறதைப் பார்த்து நான் என்ன பண்ண?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் என்னைக் குறுக்கே வெட்ட முடியாது.

அண்ணி சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நாடியம்மன் கோயில் வரை நடந்து போய் வருவதை விட்டுவிட்டீர்களாம். மாடி ஏறுவதில்லையாம். கொல்லைக்குப் போவதென்றால்கூட யாராவது கையைப் பிடிக்க வேண்டுமாம். மற்ற நேரமெல்லாம் சாய்வு நாற்காலி. "விழுந்து இடுப்பு ஒடிஞ்சா உங்களுக்கெல்லாம் பாரம்" என்கிறீர்களாம். அந்தப் பயம் நியாயமானது அண்ணா. இந்த நோயில் விழுவது சகஜம், விழுந்தால் வருகிற தொல்லையும் பெரிது. ஆனால் விழாமலிருக்க அசையாமல் உட்கார்ந்துவிடுவது என்று எடுத்தீர்களே ஒரு முடிவு, அது விழுவதற்கு நாள் குறிக்கிற முடிவு. உட்கார்ந்தே இருந்தால் தொடை இளைக்கும், கணுக்கால் இறுகும், உடம்பு எவ்வளவு தூரம் சாயலாம் என்கிற கணக்கே மறந்துபோகும். பிறகு ஒருநாள் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து, விளக்கைப் போடத் திரும்புவீர்கள். அப்போது யார் கையும் பக்கத்தில் இருக்காது.

நான் டாக்டர் இல்லை. மாப்பிள்ளையின் நோயோடு குடித்தனம் நடத்தியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நடக்கும்போது இடது காலை எடு, வலது கையை வீசு என்று யாரும் யோசிப்பதில்லை. பழகிப்போன அசைவுகளை மூளை தானாகவே ஓட்டிக்கொள்கிறது. அந்தத் தானாக ஓடுகிற வேலைக்கு டோபமைன் வேண்டும். நடுமூளையில் கருநிறமாக ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. டோபமைனைச் செய்து அனுப்புகிற செல்கள் அங்கே இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதுதான் பார்க்கின்சன். வெளியே அறிகுறி தெரிவதற்குள் அவற்றில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும். 1817-இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற டாக்டர் ஆறு பேரை வைத்து இந்த நோயைப் பற்றி எழுதினார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. தெருவில் போகிறவரின் நடையைப் பார்த்தே இனம் கண்டுகொள்கிற அளவுக்கு இந்த நோய் நடையில் எழுதியிருக்கிறது: முன்னே வளைந்த முதுகு, வீசாத கை, தரையைத் தேய்க்கிற குட்டை அடி, அந்த அடியும் வேகமெடுத்து ஓட்டமாகிவிடுவது.

ஆனால் தானாக ஓடுகிற பாதை கெட்டாலும், நினைத்து நினைத்துச் செய்கிற பாதை அவ்வளவு கெடுவதில்லை. வெறும் தரையில் கால் ஒட்டிக்கொண்டு உறைந்து நிற்கிறவர், முன்னால் குறுக்காக ஒரு கோடு போட்டுக் காட்டினால் அதைத் தாண்டி அடி வைத்துவிடுகிறார். படிக்கட்டில் சரளமாக ஏறுகிறவர் நிலைப்படியில் வந்து நின்றுவிடுகிறார். மாப்பிள்ளைக்கு லிஃப்ட்தான் எமன். கதவு திறந்ததும் கால் நகராது. பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினால் இன்னும் நகராது. கவனத்தை அடியின்மேல் வைத்தால் நகரும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், நான் சொல்லப்போகிற மிச்சமெல்லாம் உங்களுக்கு விளங்கிவிடும்.

மாத்திரை போதாதா என்பீர்கள். மாத்திரை வேண்டும், நேரம் தவறாமல் வேண்டும். லெவோடோபா இறுக்கத்தையும் மந்தத்தையும் நன்றாகத் தளர்த்துகிறது. ஆனால் நிற்கிற நிதானம் இருக்கிறதே, அதற்கு அந்த மாத்திரை அவ்வளவாகப் பிடி கொடுப்பதில்லை. டாக்டர் உங்கள் பின்னால் நின்று தோளைச் சட்டென்று இழுத்துப் பார்த்திருப்பாரே? நோயில்லாதவர் ஓரடி, மிஞ்சினால் இரண்டடி பின்னால் வைத்து நின்றுவிடுவார். மாப்பிள்ளை குட்டைக் குட்டையாக அடி வைத்துக்கொண்டே போனார், டாக்டர்தான் பிடித்தார். மாத்திரையின் வேகத்தில் இருந்தபோது செய்த சோதனைதான் அது.

இனி உங்கள் சீனாக்காரருக்கு வருகிறேன்.

இங்கே விடிந்தால் எந்தப் புளோக்கின் கீழ்த்தளத்திலும், எந்தப் பூங்காவிலும் நாலு சீனப் பாட்டிகளாவது நின்று தாய்ச்சி செய்துகொண்டிருப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒதுங்கிப் போவேன், அவ்வளவுதான். அவ்வளவு மெதுவாகக் கையைத் தூக்குகிற இது சண்டைக் கலையாகப் பிறந்தது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. ஹெனான் மாகாணத்தில் சென்ஜியாகோ என்ற கிராமத்தில் சென் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த வித்தை. 19-ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் என்பவர் அங்கே போய்க் கற்று, பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். எல்லோரும் பழகட்டும் என்று 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதை 24 அசைவுகளாகச் சுருக்கிக் கொடுத்தது. 2020-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. உடம்பை அசைத்து நோயைப் பார்த்துக்கொள்கிற பழக்கம் அவர்களிடம் அதைவிட வெகு பழையது. சாங்ஷா பக்கத்தில் 1973-இல் தோண்டிய ஒரு கல்லறையில் பட்டுத்துணி ஓவியம் கிடைத்தது. அதில் 44 ஆட்கள் ஆளுக்கொரு விதமாகக் கையையும் காலையும் நீட்டி உடற்பயிற்சி செய்கிறார்கள். அந்தக் கல்லறையை மூடியது கிறிஸ்து பிறப்பதற்கு 168 ஆண்டுகளுக்கு முன்னால்.

எங்கள் லாவ்ஷிக்கு (ஆசிரியரை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறோம்) எழுபது தாண்டிவிட்டது. சமூக மன்றத்தில் அவர் நடத்துகிற தாய்ச்சி வகுப்புக்கு வாரம் இரண்டு முறை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வருகிறவர்களில் சிலருக்கு இதே நோய். பக்கவாதம் வந்து மீண்ட ஒரு மலாய்க்கார அம்மாவும், முட்டி வலிக்காரர்களும் உண்டு. இதற்கு முன்னால் ஒரு வகுப்பில் போய்ச் சேர்ந்தோம். அங்கே சொல்லிக்கொடுத்தவர் வாலிபர், போட்டிகளுக்குப் போகிறவர். எல்லோரும் தொடை தரைக்கு இணையாக வரும்வரை உட்கார்ந்து எழ வேண்டும் என்றார். மாப்பிள்ளையின் முட்டி வீங்கிவிட்டது, விட்டுவிட்டோம். லாவ்ஷி ஆளைப் பார்த்துத்தான் பாடத்தை வைக்கிறார். நோய்க்காரர் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு நாற்காலி. 24-ஐ ஏழெட்டாகக் குறைத்து, அதையே மாசக்கணக்கில் திருப்பித் திருப்பிச் செய்ய வைக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, மாப்பிள்ளைக்குச் சீனம் வராது. இடுப்பில் கை வைத்துத் திருப்பிவிடுவார், போதும்.

அவர் முதலில் கையையே தொடவில்லை. மாசம் முழுக்கக் கால்தான். எப்படி அடி வைப்பது என்பதுதான் மொத்த வித்தையும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நாம் சாதாரணமாக அடி வைக்கும்போது உடம்பின் பாரமும் காலோடு சேர்ந்தே போய் விழுகிறது. இதில் அப்படியில்லை. முதலில் பாரம் முழுவதும் வலது காலுக்குப் போக வேண்டும். இடது கால் வெறுங்காலாகிறது, அதாவது அதன்மேல் பாரமே இல்லை. அந்த வெறுங்காலை முன்னே நீட்டிக் குதிகாலை மட்டும் தரையில் வைக்க வேண்டும். இன்னும் பாரம் போகக்கூடாது, பிடிக்கவில்லையென்றால் காலைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். குளத்துப் படியில் பாசி இருக்கிறதா என்று அம்மா காலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்குவாளே, அதேதான். குதிகால் பதிந்தபிறகு பாதம் படியும், பிறகு முட்டி லேசாக மடியும், அப்புறம்தான் பாரம் மெல்ல மெல்லப் போய்ச் சேரும். இப்போது பின்கால் வெறுங்கால்.

இதை மாப்பிள்ளையின் நடையோடு பொருத்திப் பாருங்கள். அவர் கால் குதிகாலில் இறங்காமல் தட்டையாகவோ விரல் பக்கமாகவோ இறங்கும்; அதனால்தான் தடுக்குகிறது. அவர் உறைந்து நிற்பதற்கு ஒரு காரணம், ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றாமலேயே அடியெடுக்கப் பார்ப்பது. பாரம் நிற்கிற காலை யாரால் தூக்க முடியும்? நோய் எந்த இடத்தில் கெடுக்கிறதோ அந்த இடத்தில்தான் இந்தப் பயிற்சி நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. இப்போது லிஃப்ட் வாசலில் கால் ஒட்டிக்கொண்டால் அவர் தள்ளிமுள்ளிப் பார்ப்பதில்லை. நிற்கிறார், நிமிர்கிறார், ஒரு பக்கம் சாய்ந்து பாரத்தை மாற்றுகிறார், வெறுங்காலை எடுத்து வைக்கிறார். எல்லா நாளும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். பல நாள் பலிக்கிறது.

இரண்டு அசைவுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், நீங்கள் யூடியூபில் பேரனை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். ஒன்றுக்கு மேகம்போலக் கையசைத்தல் என்று பெயர். முகத்துக்கு நேராக ஒரு கை, வயிற்றுக்கு நேராக ஒரு கை, இரண்டும் இடவலமாகப் போய்வரும். பார்க்கிறவர்களுக்குக் கைதான் தெரியும். உண்மையில் திரும்புவது இடுப்பு. கை அதோடு சும்மா போகிறது. இந்த நோயில் கழுத்தும் முதுகும் இறுகி, ஆள் திரும்ப வேண்டுமென்றால் மொத்தமாகத் திரும்புகிறார் இல்லையா? அந்த இறுக்கத்தைத்தான் இது அவிழ்க்கப் பார்க்கிறது. கூடவே பக்கவாட்டில் அடி வைக்க வேண்டும், சமையலறையில் மேடையோரமாக நகர்வதற்கு வேண்டிய அதே அடி. இன்னொன்று குரங்கை விரட்டிப் பின்வாங்குதல். பெயர் வேடிக்கை, வேலை கடினம். ஒரு கையை முன்னே தள்ளிக்கொண்டே பின்னால் அடி வைப்பது. பார்க்கின்சன்காரர்கள் பின்பக்கமாகச் சாய்ந்து விழுவது அதிகம். அலமாரிக் கதவை இழுக்கும்போது, நாற்காலியில் உட்காரப் பின்னால் போகும்போது. பின்னால் அடி வைப்பதை யாரும் தனியாகப் பழகுவதில்லை. இதில் பழகியே ஆக வேண்டும். ஆனால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள், பின்னால் சுவரும் பக்கத்தில் ஆளும் இல்லாமல் செய்யவே கூடாது.

நின்ற இடத்திலேயே செய்கிற எட்டு அசைவுகளும் உண்டு, பாதுவான்ஜின் என்பார்கள். இரண்டு கையையும் வானத்தைத் தாங்குவதுபோலத் தூக்குவது, வில் இழுப்பது, தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது, இப்படி. அடி வைக்கப் பயப்படுகிறவர்கள் இதில் தொடங்கலாம். கடைசி அசைவில் குதிகாலைத் தூக்கித் தூக்கி ஏழுமுறை இறக்க வேண்டும். நூறு நோயையும் அது விரட்டிவிடும் என்று அதன் பெயரிலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம்மூர் லேகியக் கடை போர்டும் அவ்வளவு கூச்சமில்லாமல்தான் பேசும்.

நீங்கள் எண் கேட்பீர்கள் என்று தெரியும். கணக்கு வாத்தியாரிடம் எண் இல்லாமல் எதை விற்க முடியும்?

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் ஃபுசோங் லீ என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு, 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 195 நோய்க்காரர்கள். குலுக்கல் முறையில் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள், கூட்டத்துக்கு 65 பேர். ஒரு கூட்டத்துக்குத் தாய்ச்சி. ஒரு கூட்டத்துக்கு எடை கட்டிய மேற்சட்டையும் கணுக்காலில் எடையும் போட்டுக்கொண்டு செய்கிற தசைப் பயிற்சி. ஒரு கூட்டத்துக்குக் கைகால் நீட்டி மடக்குவது மட்டும். வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், 24 வாரம்.

அவர்கள் அளந்தது எதை என்பதுதான் உங்களுக்குப் பிடிக்கும். பாதத்தை நகர்த்தாமல் உடம்பை எவ்வளவு தூரம் சாய்க்க முடியும் என்று அளந்தார்கள். ஆளை ஒரு தட்டின்மேல் நிற்கவைத்து, முன்னே, பின்னே, பக்கவாட்டில், மூலைவாட்டில் என்று எட்டுத் திசையிலும் சாயச் சொல்வார்கள். எவ்வளவு தூரம் போகிறார், சொன்ன திசையில் நேராகப் போகிறாரா, அல்லது கோணல்மாணலாக அலைந்து போகிறாரா, இரண்டும் கணக்கு. ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்குகிற செங்குத்துக்கோடு அடித்தளத்துக்குள் விழுகிறவரை பொருள் கவிழாது என்று ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு நீங்கள்தானே டஸ்டரை மேஜை விளிம்பில் வைத்துக் காட்டினீர்கள்! இந்த நோயில் அந்தப் பாதுகாப்பான சாய்வு சுருங்கிவிடுகிறது. ஆறு மாத முடிவில், சாய்கிற தூரத்தில் தாய்ச்சிக் கூட்டம் நீட்டி மடக்கியவர்களைவிட ஏறக்குறைய 12 சதவீதப் புள்ளியும், எடை தூக்கியவர்களைவிட 5.5 புள்ளியும் முன்னேறியிருந்தது. திசை தவறாமல் சாய்வதில் இரண்டு கூட்டத்தையும்விடப் பத்துப் பதினொரு புள்ளி முன்னால். வகுப்பை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் மிச்சமிருந்தது.

விழுந்த கணக்கையும் எடுத்தார்கள். நீட்டி மடக்கியவர்களைவிடத் தாய்ச்சிக்காரர்கள் குறைவாக விழுந்தார்கள். எடைப் பயிற்சிக்காரர்களோடு ஒப்பிட்டால் உறுதியாகச் சொல்கிற அளவுக்கு வித்தியாசமில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே பேரனை விட்டுத் தேடிக் கண்டுபிடித்து என்னை மடக்குவீர்கள்.

இன்னொன்று ஷாங்காயில் ருய்ஜின் மருத்துவமனைக்காரர்கள் செய்தது, 2023-இல் வெளிவந்தது. 2016 முதல் 2021 வரை, வாரம் இரண்டு முறை தாய்ச்சி செய்த 147 நோய்க்காரர்களையும் செய்யாத 187 பேரையும் தொடர்ந்து பார்த்தார்கள். செய்தவர்களுக்கு நோய் முற்றுகிற வேகம் குறைவாக இருந்தது. மாத்திரை அளவைக் கூட்ட வேண்டி வந்தவர்கள், 2019 கணக்குப்படி, செய்யாதவர்களில் 83.5 சதவீதம், செய்தவர்களில் 71. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் குலுக்கல் இல்லை. ஐந்து வருஷம் விடாமல் பூங்காவுக்குப் போகிறவர், இயல்பிலேயே உடம்பைப் பார்த்துக்கொள்கிற ஆளாக இருக்கலாம், வீட்டில் கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கலாம். அதனால் தாய்ச்சி நோயை நிறுத்திவிடும் என்று நான் உங்களிடம் சொல்லமாட்டேன், யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். நிற்கிற நிதானத்துக்கு உதவுகிறது என்பதை நம்புகிறேன். லாவ்ஷி 'ச்சி' என்று ஒரு சக்தி அடிவயிற்றிலிருந்து கிளம்பி உடம்பெல்லாம் ஓடுவதாகச் சொல்வார், தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். சக்தி ஓடுகிறதோ இல்லையோ, மாப்பிள்ளையின் பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு ஓடுவது என் கண்ணுக்குத் தெரிகிறது.

நம்மிடம் யோகா இல்லையா என்று அடுத்து கேட்பீர்கள். இருக்கிறது, செய்யுங்கள். டாங்கோ நடனத்தை வைத்துக்கூட இந்த நோய்க்கு ஆய்வு செய்திருக்கிறார்கள். எனக்குச் சீனம் உசத்தி, நம்முடையது மட்டம் என்பதில்லை. ஆனால் நம் ஆசனங்களில் பாதி தரையில் உட்கார்ந்தும் படுத்தும் செய்வது. உங்களுக்குத் தரையிலிருந்து எழுவதே பாடாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது நின்றபடி, நகர்ந்தபடி, பாரத்தை மாற்றுகிற பழக்கம். விழுந்துவிடுவோம் என்கிற எல்லைக்குக் கொஞ்சம் உள்ளே வரை போய், விழாமல் திரும்பி வருவது. அதை எது கொடுத்தாலும் சரி. எனக்குத் தெரிந்த ஒன்று கொடுக்கிறது, அதனால் அதைச் சொல்கிறேன்.

பட்டுக்கோட்டையில் தாய்ச்சி வாத்தியாரை எங்கே தேடுவது என்ற கேள்வி நியாயம். தேட வேண்டாம். முதலில் தஞ்சாவூரில் உங்கள் டாக்டரிடம் கேட்டு, நரம்பு நோய்க்காரர்களைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போங்கள். பாரம் மாற்றுவது, குதிகாலில் அடி வைப்பது, பக்கவாட்டு அடி இவற்றையெல்லாம் அவர்களும் சொல்லித் தருவார்கள். உங்கள் இரத்த அழுத்தத்தைப் படுத்தும் நின்றும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயிலும் இந்த மாத்திரையிலும் எழுந்து நின்றதும் அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவது உண்டு. அப்படி இருந்தால் குனிந்து நிமிர்கிற அசைவுகள் கிட்டவே வரக்கூடாது.

எந்த நேரத்தில் செய்வது என்பதும் முக்கியம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கி உடம்பு இலகுவாக இருக்கிற நேரத்தில் செய்யுங்கள், அதன் வேகம் இறங்குகிற நேரத்தில் வேண்டாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பே போடச் சொல்லியிருப்பார்கள். பருப்பு, முட்டை, பால் போன்ற புரதம் அதிகமான சாப்பாட்டோடு போட்டால் சிலருக்கு அது சரியாக ஏறுவதில்லை. எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள், நீங்களாகப் பருப்பை நிறுத்திவிடாதீர்கள்.

வேட்டி கட்டிக்கொண்டு செய்யவே கூடாது. பின்னால் அடி வைக்கும்போது விளிம்பு குதிகாலுக்கடியில் மாட்டும். பேரனின் பழைய டிராக் பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஹவாய் செருப்பும் வேண்டாம், காலோடு பிடிக்கிற ஷூ. ஹாலில் கிடக்கிற பாயையும் கால்மிதியையும் எடுத்துவிடுங்கள். சமையல் மேடை நல்ல இடம். கை வைக்க உயரமும் சரி, அசையவும் அசையாது. செய்யும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, டிவி ஓடக்கூடாது. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் கொடுத்தால் கால் தன் வேலையை விட்டுவிடும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல், பஸ் திரும்புகிறமாதிரி அகலமாக வளைந்து திரும்புங்கள்.

பூனைக்காலி விதைச் சூரணம் ஒருவர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த விதையில் லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது. அதனால்தான் பயப்படச் சொல்கிறேன். நீங்கள் சாப்பிடுகிற மாத்திரையிலும் அதே மருந்து. மேலே எவ்வளவு சேர்கிறது என்று தெரியாமல் அளவு கூடினால் உடம்பு தன்னிச்சையாக நெளிவதும் வாந்தியும் மனக்குழப்பமும் வரலாம். டாக்டருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

மாப்பிள்ளையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கை நடுக்கம் அப்படியே இருக்கிறது. மாத்திரை அளவும் கூடித்தான் இருக்கிறது. இந்த வருஷத் தொடக்கத்தில் ஒருமுறை விழுந்தார், நல்லவேளையாகச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் காலையில் தனியாகக் கீழே இறங்கிக் கோப்பிக் கடை வரை போய் வருகிறார். கோப்பியை மட்டும் மூடி போட்டு, பையில் வாங்கிக்கொண்டு வருகிறார். கையில் ஏந்திக்கொண்டு நடப்பது முடியாது. வகுப்பில் எல்லோரும் இடப்பக்கம் போகும்போது இவர் வலப்பக்கம் போய் அந்த மலாய்க்கார அம்மாவை முட்டிக்கொண்டு நிற்பார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். ரொம்ப நாளாக அசைவே இல்லாதிருந்த முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்க்கவாவது நான் அவரைக் கூட்டிக்கொண்டு போவேன்.

தை பிறந்ததும் நாங்கள் அங்கே வருகிறோம். மூன்று வாரம் இருப்போம். அதற்குள் நீங்கள் பிசியோதெரபிஸ்டைப் பார்த்திருக்க வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் நின்று பாரம் மாற்றுவதை மட்டுமாவது தினம் செய்து வையுங்கள். மிச்சத்தை மாப்பிள்ளையும் நீங்களும் சேர்ந்து மொட்டை மாடியில் செய்யலாம். அவருக்கும் அங்கே ஜோடி வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கை
கமலா

பி.கு.: இது அண்ணிக்கு. அண்ணி, அவர் கால் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மேல் உடம்பு வந்துவிடும், கால் வராது, இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள். பக்கத்தில், அரையடி பின்னால் தள்ளி நில்லுங்கள். "நில்லுங்க, நிமிருங்க, இந்தப் பக்கம் சாயுங்க, இப்ப அந்தக் காலை எடுங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எந்த மாத்திரைக்குப் பிறகு எவ்வளவு நேரம் கழித்து அவருக்கு நடை இலகுவாகிறது என்று ஒரு வாரம் குறித்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புங்கள். உங்கள் முட்டி வலிக்கும் இதே பயிற்சி ஆகும், நீங்களும் கூட நின்று செய்யுங்கள்.